பதினோரு அடி அகலத் தோட்டம்: வெள்ளவத்தையில் ஒரு பின்வளவு மாற்றியமைக்கப்பட்ட விதம்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே, கரைக்குச் சமாந்தரமாகச் செல்லும் ஒழுங்கை ஒன்றில் மாடியில்லாத பழைய வீடொன்று இருக்கிறது. அதன் பின்வளவு 11 அடி அகலமும் 62 அடி நீளமும் கொண்டது. வீட்டின் மேற்குப் பக்கத்தில் தொடங்கிக் கடல் இருக்கும் திசையை நோக்கி நேராக ஓடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பம் அது. மூத்தவர்கள் பெரிய வளவுகளில் வளர்ந்தவர்கள். பின்கதவைத் திறந்தால் நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கிறது என்பதே அவர்கள் முதலில் சொன்ன குறை. உடுப்புக் காயப்போடுவதற்கும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் அன்றி அங்கே யாரும் போவதில்லை. அந்த இடம் உள்ளதைவிட ஒடுங்கித் தோன்றியதற்கான காரணங்களையும், அதை மாற்றுவதற்காக எடுத்த முடிவுகளையும், அவற்றில் எது எவ்வளவு பலித்தது என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

குறை எங்கே இருந்தது

முதலில் பரப்பைப் பார்க்க வேண்டும். 11 அடியை 62 அடியால் பெருக்கினால் 682 சதுர அடி, அதாவது ஏறத்தாழ இரண்டரைப் பேர்ச். இதே பரப்பைச் சதுரமாக்கினால் பக்கத்துக்கு 26 அடி வரும். கொழும்பில் பின்புறத்தில் 26 அடிச் சதுர முற்றம் உள்ளவரை யாரும் இடமில்லாதவர் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே குறை பரப்பில் இல்லை. நீளம் அகலத்தின் ஐந்தரை மடங்குக்கும் மேலாக இருப்பதும், அந்த விகிதத்தைக் கண் ஒரே பார்வையில் அளந்துவிடுவதுமே குறை.

அந்த வளவில் இருந்த எல்லாமே கண்ணுக்கு இந்த அளவை எடுத்துச்சொல்லிக்கொண்டிருந்தன. பின்கதவிலிருந்து கடைசி மதில்வரை நடுவே மூன்று அடி அகலச் சீமெந்துப் பாதை நேராக ஓடியது. இரு மதில்களையும் ஒட்டி இரண்டு அடி அகலத்தில் இரண்டு பாத்திகள் இருந்தன. அவற்றில் குரோட்டன்களும் பூச்சாடிகளும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. மதில்கள் வெள்ளையடிக்கப்பட்டிருந்ததால் அவற்றின் விளிம்புகள் தொடக்கம் முதல் முடிவுவரை கூர்மையாகத் தெரிந்தன. பாதை முடியும் இடத்தில், கடைசி மதிலின் நடுவில், துளசி மாடம். பாதை, பாத்தி, மதில், மாடம் ஆகிய நான்கும் பார்வையைப் பிடித்து நேரே கடைசிக்குத் தள்ளின. அங்கே போய்த் திரும்பிய கண்ணுக்கு மிஞ்சியது இரு பக்கத்து மதில்களின் நெருக்கம் மட்டுமே.

இரு மதிலோரமும் மெல்லிய பாத்தி, நடுவில் பாதை என்ற இந்த அமைப்பை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு காணலாம். இடம் குறைவு, எனவே செடிகளை ஓரத்துக்குத் தள்ளி நடுவைக் காலியாக வைப்போம் என்ற எண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். எண்ணம் இயல்பானதுதான். ஆனால் ஒடுங்கிய நிலத்துக்கு இதைவிடத் தீமையான அமைப்பு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்த நேர்கோட்டை எதிர்த்து நின்ற பொருள் ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து 24 அடி தூரத்தில், தெற்கு மதிலை ஒட்டி, ஐந்து அடி விட்டமுள்ள கட்டுடன் ஒரு பழைய கிணறு இருந்தது. குழாய்த் தண்ணீர் வந்த பின் அது பயன்படுத்தப்படவில்லை. அதைத் தூர்த்துவிட்டால் இடம் பெரிதாகும் என்று குடும்பத்தார் எண்ணினார்கள். திட்டம் முழுவதும் அந்தக் கிணற்றைக் காப்பாற்றுவதிலிருந்துதான் தொடங்கியது.

வெயிலின் கணக்கு

எதையும் வரைவதற்கு முன் வெளிச்சத்தைக் கணக்கிட்டோம். பக்கவாட்டில் உயர்ந்த கட்டடம் நிற்கும் ஒடுங்கிய நிலத்தில், எந்தச் செடி எங்கே நிற்கும், மனிதர் எங்கே அமர்வார் என்பதை இடத்தைவிட வெளிச்சமே தீர்மானிக்கிறது. தெற்கு மதிலை ஒட்டி ஏறத்தாழ 33 அடி உயரமான தொடர்மாடி ஒன்று நிற்கிறது. அது தோட்டத்தின் நீளத்தில் முதல் 45 அடியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வடக்கே மாடியில்லாத வீடும், ஆறு அடி மதிலும், அந்த மதிலுக்கு அப்பால் பெரிய மாமரம் ஒன்றும் உள்ளன.

கொழும்பு வட அகலாங்கு 6.9 பாகையில் உள்ளது. டிசெம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கும். 33 அடிக் கட்டடத்தின் நிழல் அப்போது வடக்கே 19 அடி நீளும். தோட்டத்தின் அகலமோ 11 அடி. ஆகவே நவம்பர் முதல் ஜனவரி முடியும்வரை தோட்டத்தின் முன்பகுதியில் நிலத்தில் நேர்வெயில் விழுவதில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் கொழும்பின் உச்சிக்கு வருகிறது. அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கம் நிற்பதால், தொடர்மாடி நண்பகலில் நிழல் தருவதே இல்லை. குளிர்நிழலில் மூன்று மாதம் கிடந்த அதே பாத்தி பின்னர் சுடுவெயிலில் ஐந்து மாதம் கிடக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைத்தன. நிழலையும் வெயிலையும் ஒருங்கே தாங்காத செடிகளை முன்பகுதியில் வைக்க முடியாது. புற்றரை வேண்டும் என்ற விருப்பத்தை இதனாலேயே மறுக்க வேண்டியிருந்தது. நிழலைப் பொறுக்கும் அகன்ற இலைப் புல்லும்கூட வெயிலற்ற மாதங்களில் காலடி பட்டால் தேய்ந்து சேறாகிவிடும். இரண்டாவது, தொடர்மாடி முடியும் இடத்துக்கு அப்பாலுள்ள கடைசி 17 அடிக்கு ஆண்டு முழுவதும் பிற்பகல் வெளிச்சம் கிடைக்கிறது. தோட்டத்தின் மிகத் தொலைவான மூலையே அதன் மிக வெளிச்சமான மூலை. இருளிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் போகும் இடம் அதன் அளவைவிட ஆழமாகத் தோன்றும். ஆகவே இயற்கையாகவே கிடைத்த இந்த வேறுபாட்டை அழிக்காமல் பயன்படுத்துவது என்று முடிவுசெய்தோம்.

நீளத்தை முறித்தல்

தோட்டம் 14, 22, 26 அடி நீளமுள்ள மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றிலிருந்து அடுத்ததைப் பார்க்கலாம், ஆனால் முழுமையாகப் பார்க்க முடியாது. விறாந்தையிலிருந்து மூன்றாம் பகுதியின் வெளிச்சம் தெரியும், தரை தெரியாது. பார்க்காத இடத்தின் அளவைக் கண் கூட்டியே மதிப்பிடும் என்பது அனுபவத்தில் உறுதியான உண்மை.

கொழும்பில் இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, பகத்தல வீதியருகே 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக அமைந்த நான்கு சிறிய வீடுகளை 1950களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாகப் பெற்று ஒரே வீடாக்கினார். இன்று 11ஆம் இலக்க வீடு என்று அறியப்படும் அந்த இடத்தில், நீண்ட வெண்ணிற நடைவழியின் ஓரங்களில் வானம் பார்த்த சிறு முற்றங்கள் இடையிடையே வருகின்றன. நடப்பவர் எந்த இடத்திலும் வீடு முழுவதையும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. அங்கும் வெளிச்சம் வீட்டின் நடுவில் இறங்கி, சுற்றியுள்ள அறைகளைத் தம் அளவைவிடப் பெரிதாக்குகிறது.

பகுதிகளைப் பிரிக்கச் சுவரோ தட்டியோ வைக்கவில்லை. செடிகளின் இடத்தை மாற்றியதே போதுமாக இருந்தது. முன்பு இரு பக்கமும் இரண்டு அடி வீதம் நான்கு அடியைப் பாத்திகள் எடுத்துக்கொண்டு நடுவில் ஏழு அடியை விட்டிருந்தன. அதே நான்கு அடியை ஒரு பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்தால் நடமாடும் அகலம் அதே ஏழு அடியாகவே இருக்கும். ஆனால் நான்கு அடி ஆழமுள்ள பாத்தியில் குட்டை, நடுத்தரம், நெட்டை என மூன்று அடுக்காகச் செடி வைக்க முடியும், மதிலின் அடி மறைந்துவிடும், வழியும் வளையும். முதற் பாத்தி வடக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்து 12 முதல் 20 அடிவரை அமைந்தது. அது நடப்பவரைத் தெற்கே ஒதுக்குகிறது. உடனே தெற்கு மதிலோரக் கிணறு வந்து வடக்கே திருப்புகிறது. 34ஆம் அடியில் வடக்குப் பக்கத்தில் இரண்டாம் பாத்தி மீண்டும் தெற்கே தள்ளுகிறது. நேர்ப்பாதை இல்லாமல் போனது. கிணறு இல்லாதிருந்தால் அந்த இடத்தில் வேறேதேனும் ஒன்றைக் கட்டி வைத்திருக்க வேண்டும், அது இந்தக் கிணற்றைப்போல் அந்த வீட்டுக்கு உரியதாக இருந்திருக்காது.

மறைப்புச் செடிகளின் உயரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலரும் மிகைப்படுத்துகிறார்கள். விறாந்தையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் இருக்கும், நிற்பவருக்கு ஐந்து அடிக்குச் சற்றுக் கூடும். ஐந்தரை அடியைத் தாண்டிய அடர்ந்த மறைப்பு எதையும் கூடுதலாக மறைப்பதில்லை, வெளிச்சத்தையும் காற்றையும் மட்டுமே தடுக்கிறது. ஆகவே கண்ணுயரம்வரை அடர்த்தி, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு அடிவரை வெறும் தண்டுகள், அதற்கும் மேலே தலை விரிக்கும் மரங்கள் என்ற ஒழுங்கைப் பின்பற்றினோம். இந்த இடைவெளியினூடாகப் பக்கத்து வீட்டு மாமரம் தெரிகிறது. மதில் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத வகையில் முதற் பாத்தியின் பச்சையும் அந்த மாமரத்தின் பச்சையும் ஒன்றுசேர்ந்தன. அயல்வீட்டார் மரத்தை வெட்டாதிருக்கும்வரை அந்தப் பரப்பு இந்த வீட்டுக்கும் சொந்தம்.

தரையும் மதிலும்

விறாந்தையின் தரை பழைய சிவப்புச் சீமெந்து. முதற் பகுதிக்கும் அதே நிறத்தையே நீட்டினோம். ஆனால் உள்ளே உள்ளதுபோல் மினுக்கினால் மழைக்காலத்தில் வழுக்கும் என்பதால், ஈரம் காய்வதற்கு முன் விளக்குமாற்றால் வரி இழுத்து விட்டோம். கதவு திறந்திருக்கும்போது வீட்டின் உள்ளும் வெளியும் ஒரே அறையாகத் தெரிவதற்கு இந்த ஒரே நிறம் பெரும் காரணம்.

இரண்டாம் பகுதியில் கருங்கற் பலகைகளை 45 பாகைச் சாய்வில் பதித்து இடையே சரளைக்கல் நிரப்பினோம். 11 அடி அகலத்தில் குறுக்கே நேராக இழுத்த கோடு 11 அடிதான், சாய்வாக இழுத்த கோடு பதினைந்தரை அடி. கண் தரையின் கோடுகளைப் பின்பற்றிப் போவதால், அந்த நிலத்தில் குறுக்காகக் கிடைக்கக்கூடிய நீண்ட கோட்டையே அதற்குக் கொடுக்க வேண்டும்.

வண்டி போக வழியில்லாததால் மண், கல், சீமெந்து அனைத்தும் வீட்டின் பக்கத்தில் உள்ள மூன்று அடி ஒடுக்க வழியால் தள்ளுவண்டியிலேயே வந்தன. செலவிலும் உழைப்பிலும் பெரும்பங்கு இதற்கே போனது. பழைய பாதையை உடைத்த கொங்கிறீற் துண்டுகளையும், மண்ணுக்குள் புதைந்திருந்த கட்டட இடிபாடுகளையும் வெளியே கொண்டுபோகாமல், மூன்றாம் பகுதியை ஆறு அங்குலம் உயர்த்துவதற்கு அடித்தளமாகப் பயன்படுத்தினோம். அந்த ஒற்றைப் படி பகுதிகளின் பிரிவை உறுதிப்படுத்தியது. இடம் மாறுகிறது என்பதைக் காலே உணர்ந்துகொள்கிறது.

மதிலின் நிறத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒடுங்கிய தோட்டத்தின் மதில்களுக்கு இருண்ட நிறம் பூசினால் அவை பின்வாங்கித் தோன்றும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. அது உண்மையே, ஆனால் முழுமையாகக் கடைப்பிடித்தால் இங்கே கேடாகியிருக்கும். வெயிலற்ற மாதங்களில் முன்பகுதிச் செடிகளுக்குக் கிடைப்பது வானத்தின் வெளிச்சமும், வடக்கு மதிலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும்தான். எனவே அந்த மாதங்களில் நிழலில் நிற்கும் தெற்கு மதிலுக்கு மட்டும் கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம் பூசி, வடக்கு மதிலுக்கு வெள்ளையின் கூச்சம் நீங்கிய வெளிர் மணல் நிறத்தைக் கொடுத்தோம். கடைசி மதிலில் பெரிய கண்ணாடி பதிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. கடற்காற்றில் கண்ணாடியின் பின்பூச்சு கறுத்துப்போகும், பறவைகள் மோதும் என்பதால் அது கைவிடப்பட்டது.

செடிகள்

முதற் பாத்தியில் மூன்று கமுகுகளை ஒரே வரிசையில் வராமல் முன்னும் பின்னுமாக நட்டோம். கமுகின் தண்டு ஒரு சாணைத் தாண்டாது, வேர் நார்வேராதலால் மதிலை வெடிக்கச் செய்யாது, இளம் கன்று நிழலையே விரும்பும். அவற்றின் அடியில் ரம்பையும் இஞ்சி இனச் செடிகளும். கிணற்றைச் சுற்றிப் பன்னங்கள். வீட்டுக்கு அருகே அகன்ற இலைகளையும் தொலைவில் நுண்ணிய இலைகளையும் வைப்பது என்ற விதியையும் பின்பற்றினோம். அகன்ற இலை அருகில் இருப்பதாகவும் நுண்ணிய இலை தொலைவில் இருப்பதாகவும் கண் எடுத்துக்கொள்வதால் தூரம் கூடித் தோன்றும். அதே காரணத்துக்காகச் சிவப்புச் செவ்வரத்தை முதற் பகுதியிலும், வெள்ளை நந்தியாவட்டை கடைசியிலும் நின்றன. பூச்சாடிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தோம். சிறிய பொருட்கள் பல இருந்தால் இடம் சிறுக்கும். நாலைந்து பெரிய சாடிகள் போதும்.

மூன்றாம் பகுதியில் தெற்கு மதிலுக்கு அருகே, ஈழத்தலரி என்றும் சொல்லப்படும், இலையுதிர்க்கும் வகை அரலியா மரம் ஒன்று. அது வேரோடு வரவில்லை. நான்கு அடி நீளமான தடித்த கிளையை வெட்டிச் சில நாட்கள் காயவிட்டு நட்டாலே துளிர்க்கும். மூன்று அடி வழியால் மரம் கொண்டுவர முடியாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மரத்தை நான் அறியேன். உப்புக்காற்றைத் தாங்கும், கிளைகள் தாழ்ந்து விரியும், மேற்கிலிருந்து நீளவாக்கில் வந்து விறாந்தையில் இருப்பவரின் கண்ணைக் கூசவைத்த மாலை வெயிலை அது வடிகட்டி விடும். வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்து வெளிச்சத்துக்கு வழிவிடும்.

துளசி மாடத்தைக் கடைசி மதிலின் நடுவிலிருந்து எடுத்து, இரண்டாம் பாத்தியின் மறைவில், வடக்கு மதிலருகே வைத்தோம். துளசிக்கு வெயில் வேண்டும் என்பதால் மூன்றாம் பகுதியை விட்டு வெளியே கொண்டுவர முடியாது. கதவைத் திறந்ததும் தெரியாத இடத்தில் மாடம் இருப்பது முறையா என்று வீட்டின் மூத்த அம்மா தயங்கினார். காலையில் கிணற்றடியைச் சுற்றி நடந்துபோய்க் கும்பிடுவது நன்றாகத்தான் இருக்கிறது என்று பின்னர் அவரே சொன்னார். உடுப்புக் கொடியும் அதே மறைவில், அதே வெயிலில் இருக்கிறது. கொடியை ஒழித்துவிட்டுத் தோட்டம் வரைவது எளிது, ஆனால் கொழும்பில் ஒரு குடும்பம் வாழ்வதற்கான தோட்டம் அதுவாக இருக்காது.

மழையும் நுளம்பும்

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது உச்சம் தொடும். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் இந்த வளவில் மட்டும் 6,300 லீற்றர் தண்ணீர் விழும். கூரைத் தண்ணீர் இதற்கு மேலதிகம். முழுவதையும் ஓடு பதித்து மூடிவிடலாம் என்று ஒரு கட்டத்தில் எழுந்த யோசனையை ஏற்காததற்கு இதுவே காரணம். முதற் பகுதியும் மூன்றாம் பகுதியும் கிணற்றடியை நோக்கிச் சிறிதளவு சரிகின்றன. கரையோர மணல்மண்ணாதலால் சரளைக்கல்லின் வழியே தண்ணீர் விரைவாக இறங்கிவிடுகிறது.

சிறு தடாகம் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தண்ணீர் வானத்தைப் பிரதிபலித்து இடத்தைப் பெருக்கும் என்பது சரி. ஆனால் 2017இல் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான பின், கவனிக்க ஆளில்லாத நாட்களும் வரக்கூடிய ஒரு வீட்டில் தேங்கிய நீரை வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நுளம்பின் முட்டை ஒன்றரை வாரத்துக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் குற்றமும்கூட. கிணற்றின் வாயை நுண்ணிய கம்பிவலைச் சட்டத்தால் மூடி, உள்ளே கப்பி மீன்களை விட்டோம். இலைக்குவட்டில் நீர் தேக்கும் அலங்காரச் செடிகளையும், வெட்டிய கணுவில் நீர் நிற்கும் மூங்கிலையும் தவிர்த்தோம். சாடிகளுக்குக் கீழே தட்டுகள் இல்லை.

இப்போதைய நிலை

இரு பருவமழைகளும் கடந்த பின் பார்க்கையில், கமுகுகளும் ரம்பையும் எதிர்பார்த்தபடி நிலைத்துவிட்டன. கிணற்றடிப் பன்னங்கள் ஏப்ரல் உச்சிவெயிலில் ஓரம் கருகி, மே மழையுடன் மீண்டும் துளிர்த்தன. இது ஆண்டுதோறும் நடக்கும். மேற்கு மூலை நந்தியாவட்டையின் இலைகள் தென்மேற்குக் காற்றுக்காலத்தில் உப்புப் படிந்து பழுக்கின்றன, கிழமைக்கு ஒருமுறை நன்னீரால் கழுவினால் தாங்குகின்றன. வீட்டார் மாலையில் அமர்வது விறாந்தையில் அல்ல, மூன்றாம் பகுதியில். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் வீடு செடிகளுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் நிற்கிறது. இரவில் அரலியாவின் அடியில் ஒரு தாழ்ந்த விளக்கு மட்டும் எரிகிறது. முன்பகுதியில் விளக்கு வைத்தால் பார்வை அங்கேயே நின்றுவிடும்.

பராமரிப்பில் ஒன்றை வீட்டாருக்கு எழுதியே கொடுத்திருக்கிறோம். பாத்திகள் வழியை நோக்கி விரிந்து ஏழு அடியை ஐந்தாக்க விடக்கூடாது. மழைக்குப் பின் இஞ்சி இனச் செடிகள் மிக வேகமாகப் பக்கம் விரிப்பதால் ஆண்டுக்கு இருமுறை கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். மறைப்பு ஐந்தரை அடிக்கு மேல் போகாமல் நறுக்க வேண்டும்.

தீராத பிரச்சினை வடக்கு எல்லைதான். அந்த வீடும் விற்கப்பட்டுத் தொடர்மாடியாகலாம் என்ற பேச்சு ஒழுங்கையில் இருக்கிறது. அப்படி நடந்தால் மாமரம் போகும், ஜூன் மாத வெயிலும் போகும். அதனை எதிர்பார்த்தே முதற் பாத்தியின் பின்னடுக்கில், மதிலிலிருந்து ஓர் அடி தள்ளி, கொடி ஏறுவதற்கான கம்பித் தூண்களுக்குக் குழி வைத்து மூடியிருக்கிறோம். மாமரம் வெட்டப்படும் நாளில் அவற்றை நிறுத்தி, நிழல் தாங்கும் கொடிகளை ஏற்றினால், ஒரு மழைக்காலத்துக்குள் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியாவது மறைந்துவிடும்.